சென்னை – லண்டன் விமானத் தூரமும் நேரமும்: கணக்கு எங்கே தப்புகிறது?

கேள்வி
எக்செல்லில் கணக்குப் போடுகிறேன். சென்னை விமான நிலையம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு, ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.46 மேற்கு. டிகிரி வித்தியாசங்களை 111-ஆல் பெருக்கி பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 9,917 கி.மீ. வருகிறது. ஓர் இணையதளம் 8,235 என்கிறது, இன்னொன்று 4,447. காலை 5.30-க்குக் கிளம்பி 11.00-க்கு இறங்கினால் ஐந்தரை மணி நேரம்தானா? திரும்பும் விமானத்துக்கு (பகல் 1.30 – காலை 5.00) கழித்தால் செல்லில் வெறும் ####. உதவுங்கள்.

பதில் 1
8,235, 4,447 இரண்டும் சரி. இரண்டாவது கடல் மைல், 1.852-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

தப்பு பிதாகரஸில்தான். தீர்க்கரேகை ஒரு டிகிரி 111 கி.மீ. என்பது நிலநடுக்கோட்டில் மட்டும். லண்டன் பக்கம் அது 69 கி.மீ.தான். கோள வாய்பாடு போடுங்கள்: இரு அட்சரேகைகளின் சைன்களின் பெருக்கம், அதோடு இரண்டின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கிக் கூட்டுங்கள். 0.2747 வரும். அதன் ஆர்க்-கொசைனை 6,371-ஆல் (பூமியின் ஆரம், கி.மீ.) பெருக்கினால் தூரம். எக்செல் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற அலகில்தான் எடுக்கும். முதலில் மாற்றாவிட்டால் கண்டபடி எண் வரும்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். இப்போது 8,171 வருகிறது. 64 கி.மீ. குறைகிறதே?

பதில் 1
ஹீத்ரோ கிரீன்விச்சுக்கு மேற்கே. 0.46-க்கு முன் கழித்தல் குறி போடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2
நேரத்துக்கு வருவோம். அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. ஆகவே 5.30 – 11.00 என்பது குளிர்காலத்தில் 11 மணி நேரம், கோடையில் 10. திரும்பும்போது இறங்குவது மறுநாள். எக்செல் எதிர்மறை நேரத்தைக் காட்டாது, அதனால்தான் ####. இறங்கும் நேரத்தோடு 1 கூட்டிக் கழியுங்கள், 15.30 வரும். குளிர்காலத்தில் அதிலிருந்து ஐந்தரையை எடுத்தால் 10 மணி நேரம்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்பதற்குக் காரணம் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று. 900 கி.மீ. வேகத்தில் 60 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 9 மணி 48 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 8 மணி 35. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வந்து நிற்பதும் அட்டவணை நேரத்தில் சேரும், வாய்பாட்டில் சேராது.

பதில் 3
8,235-ஐ அப்படியே வேகத்தால் வகுத்துவிடாதீர்கள். அந்தக் கோடு பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல் வழியாகப் போய் உக்ரைனைத் தொடுகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ரஷ்ய வான்வெளியும் பிரிட்டிஷ் விமானங்களுக்கு இல்லை. ஈரான் பக்கம் பதற்றம் வந்தால் இன்னும் சுற்ற வேண்டும். ஆகவே உங்கள் எண் குறைந்தபட்சத் தூரம்தான். பயண நேரம் வேண்டுமென்றால் விமானத் தடங்களைக் காட்டும் தளத்தில் அதே விமான எண்ணின் கடைசிப் பத்து நாள் பறந்த நேரத்தைப் பார்த்துச் சராசரி எடுங்கள். போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக.