பிளஸ் டூவுக்குப் பிறகு கணினி வரைகலையும் விளையாட்டு நிரலாக்கமும்: எந்தப் படிப்பில் சேர்வது?

நெல்லிக்குப்பம் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து, இந்த ஆண்டு கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவில் பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கிறேன். கணினி விளையாட்டுகளில் வரும் காட்சிகள், குறிப்பாக நீரின் மேல் ஒளி மின்னுவது, நிரலால் எப்படி உருவாகின்றன என்பதை முறையாகப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் அப்பாவும் நானும் விசாரித்தபோது, கேம் டெவலப்மென்ட் என்ற பெயரிலேயே மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருப்பதாகவும், வழக்கமான கணினி அறிவியல் படித்தவர்களால் இந்தத் துறைக்குள் நுழைய முடியாது என்றும் கூறினார்கள். அவர்கள் சொன்ன கட்டணத்தைச் சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் அப்பாவால் கடன் வாங்காமல் கட்ட இயலாது. பொறியியல் கலந்தாய்வு வழியாகப் பண்ருட்டியிலோ சிதம்பரத்திலோ கணினி அறிவியலில் சேர்ந்தால் இந்த வேலைக்குப் போக முடியுமா? எனக்கு ஓவியம் வராது என்பது தடையாகுமா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதலியார்பேட்டைக்காரன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் பெங்களூரில் விளையாட்டு என்ஜின், அதாவது விளையாட்டுகளை இயக்கும் அடிப்படை மென்பொருளை எழுதும் நிரலாளராக வேலை செய்கிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: ஓவியம் வராதது தடையே இல்லை. ஒரு விளையாட்டில் உருவங்களையும் இடங்களையும் பிளெண்டர், மாயா போன்ற மென்பொருள்களில் செய்பவர்கள் கலைஞர்கள். ஆட்டத்தின் விதிகளையும் கட்டங்களையும் வகுப்பவர்கள் வடிவமைப்பாளர்கள். இவை எல்லாவற்றையும் கணினியில் ஓடச் செய்பவர்கள் நிரலாளர்கள். நீர் எப்படி மின்னுகிறது என்று கேட்கும் நீங்கள் மூன்றாவது வரிசையில் நிற்கிறீர்கள். பட்டப்படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்தால், கலைஞர்களுக்கான பயிற்சியில் போய்ச் சேர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

திரையில் நொடிக்கு 60 படங்கள் வர வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. ஆடுபவர் அழுத்திய பொத்தானைக் கவனிப்பது, பொருள்கள் மோதுவதைக் கணக்கிடுவது, எதிரிகள் அடுத்து என்ன செய்வார்கள் என்று முடிவெடுப்பது, காட்சியை வரைவது ஆகிய அனைத்தும் அதற்குள் முடிய வேண்டும். இதனால்தான் எங்கள் வேலையில் சி++ மொழியும், தரவுக் கட்டமைப்பும், நினைவகத்திலிருந்து தரவு எவ்வளவு விரைவாகச் செயலிக்கு வந்து சேர்கிறது என்ற அறிவும் தினமும் தேவைப்படுகின்றன. நல்ல கணினி அறிவியல் படிப்பில் இவை பாடங்களாகவே இருக்கின்றன. என்னுடன் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கணினி அறிவியல் படித்தவர்கள் என்பதால், அந்த நிறுவனத்தினர் உங்களிடம் சொன்னது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மீண்டும் அங்கே செல்வதாக இருந்தால், பாடத்திட்டத்தை அச்சில் கேட்டு வாங்குங்கள். நேரியல் இயற்கணிதம் (வெக்டர், மேட்ரிக்ஸ் பற்றிய கணிதம்), சி++, தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம் ஆகியவை இல்லாமல், பருவத்துக்கொரு மென்பொருளின் பெயர் மட்டும் இருந்தால் அது உங்களுக்கான படிப்பு அன்று. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் தரப்படுகிறது என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

காலாப்பட்டு ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு. பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி வரைகலைப் பாடத்தை நடத்தி வருபவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டதை ஏற்றுக்கொண்டு, கல்லூரியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். நம் பகுதியில் பல கல்லூரிகளில் வரைகலை ஒரே ஒரு பருவத்துப் பாடம். சில இடங்களில் விருப்பப்பாடம். ஆய்வகங்களில் இன்னும் டர்போ சி என்ற பழைய மென்பொருளைக் கொண்டு கோடும் வட்டமும் வரையச் சொல்லும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை கொடுக்கும் ஓபன்ஜிஎல் என்ற நிரல் இடைமுகத்தைக் கற்பிக்கும் இடங்களிலும், 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பே கைவிடத் தொடங்கிய பழைய கட்டளைகளைத்தான் பல கையேடுகள் வைத்திருக்கின்றன. ஷேடர் எனப்படும், கிராபிக்ஸ் கார்டில் ஓடி நிறங்களைக் கணக்கிடும் சிறு நிரல்களை எழுதுவதையும், அதே வகையில் 2016இல் வந்த புதிய இடைமுகமான வல்கனையும் நீங்கள் பெரும்பாலும் சொந்த முயற்சியில்தான் கற்க வேண்டியிருக்கும்.

ஆனாலும் பழைய பாடங்களை வெறுக்க வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பிரெசென்ஹாம் உருவாக்கிய கோடு வரையும் முறை, பின்ன எண்களே இல்லாமல், முழு எண்களின் கூட்டல் கழித்தலாலேயே எந்தப் புள்ளியை ஒளிரச் செய்வது என்று தீர்மானிக்கிறது. அதைத் தாளில் கையால் போட்டுப் பார்த்த மாணவருக்கு, ஒரு முக்கோணத்தைப் புள்ளிகளாக நிரப்பும் முறை பிறகு எளிதில் பிடிபடுகிறது.

நீரின் மின்னலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடலூரில் கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில் பாலத்தின் மேல் நின்று நேர் கீழே பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியில் உள்ள மணல் தெரியும். பார்வையை மெல்ல உயர்த்தித் தொலைவில் உள்ள நீரைப் பார்த்தால், மணல் மறைந்து வானம் மட்டுமே தெரியும். பார்க்கும் கோணம் சாயச் சாய எதிரொளிப்பு கூடுவதே இதற்குக் காரணம். இது ஃப்ரெனெல் விளைவு எனப்படும். நேராகப் பார்க்கும்போது நீர் எதிரொளிப்பது சுமார் 2 விழுக்காடுதான். அந்த அடிப்படை அளவோடு, ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து, வந்த விடையை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி, மீதமுள்ள 98 விழுக்காட்டால் பெருக்கிக் கூட்டினால் போதும் என்று கணினி வரைகலை ஆய்வாளர் ஷ்லிக் 1994இல் ஓர் எளிய தோராயத்தைக் கொடுத்தார். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் அந்தத் தோராயமே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொசைன் எங்கிருந்து வருகிறது என்றால், நீங்கள் பிளஸ் ஒன்னில் படித்த வெக்டர்களின் புள்ளிப் பெருக்கலிலிருந்துதான். நீர்ப்பரப்பின் செங்குத்துத் திசையைக் குறிக்கும் வெக்டரையும் கண்ணை நோக்கிய வெக்டரையும் ஓரலகு நீளமாக்கிப் பெருக்கினால் கொசைன் கிடைத்துவிடும். அந்தச் செங்குத்து வெக்டரைத் தருவது முக்கோணத்தின் இரு பக்கங்களின் குறுக்குப் பெருக்கல்.

அணிகளும் (மேட்ரிக்ஸ்) அப்படியே. முப்பரிமாணத்தில் சுழற்றுவதற்கு 3×3 அணி போதும். ஆனால் ஒரு பொருளை இடம்பெயர்ப்பதை அந்த அணியால் பெருக்கிச் செய்ய முடியாது. அதற்காகவே நான்காவதாக ஓர் ஆயத்தொலைவைச் சேர்த்து 4×4 அணிகளைப் பயன்படுத்துகிறோம். அணிப் பெருக்கலில் வரிசையை மாற்றினால் விடை மாறும் என்று படித்திருப்பீர்கள். சுழற்றிவிட்டு நகர்த்தினால் பொருள் நகர்ந்த இடத்தில் திரும்பி நிற்கும். நகர்த்திவிட்டுச் சுழற்றினால் அது மையத்தைச் சுற்றி வேறெங்கோ போய்விடும். ஆகவே விடுமுறையில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சேராமல், உங்கள் கணிதப் புத்தகத்தில் வெக்டர், அணி ஆகிய இரண்டு பகுதிகளையும் மீண்டும் போட்டுப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதுநகர் அக்கா எழுதியது:

தங்கச்சி, கட்டணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கை அமைப்பான சென்டாக் நடத்தும் சேர்க்கையில் அங்கே வசிப்பவர்களுக்கே முன்னுரிமை என்பதால், கடலூர் மாவட்டத்துப் பெண்ணான உங்களுக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வே நல்ல வழி. கடன் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. கணிதத்தையே முதலில் முடித்துவிட்டு வரலாம் என்று இருந்தவர்களில் பலர், ஒரு விளையாட்டைக் கூட முடிக்காமலே பட்டம் பெற்றுவிட்டதை என் வகுப்பிலேயே பார்த்தேன். விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடாட் என்ஜின் இலவசம். அதன் மூல நிரலையும் திறந்து படிக்கலாம். முதல் ஆண்டிலேயே அதில் பந்தும் மட்டையும் உள்ள மிகச் சிறிய ஆட்டம் ஒன்றை, தொடக்கத் திரை முதல் மதிப்பெண் பலகை வரை முழுதாகச் செய்து முடியுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே கழிந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்க மறந்தால், விரைவான கணினியில் பந்து பறக்கும், பழைய கணினியில் ஊர்ந்து செல்லும். இப்படிப்பட்ட செய்திகள் செய்து முடிக்கும்போதுதான் உள்ளே இறங்குகின்றன. மேலும், இந்தத் திறமைக்கு விளையாட்டு நிறுவனங்கள் மட்டுமே வேலை தருவதில்லை. நான் வாகன ஓட்டுநர் பயிற்சிக்கான சிமுலேட்டர் செய்யும் இடத்தில் இருக்கிறேன். மருத்துவப் படங்கள், கட்டடக் காட்சிகள் ஆகிய துறைகளிலும் இதே அறிவைத்தான் கேட்கிறார்கள்.

நெல்லிக்குப்பம் மாணவி எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. உங்கள் பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கலந்தாய்வுக்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். வீட்டில் இருப்பது என் மாமா கொடுத்த பழைய மடிக்கணினி. அதில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. அதை வைத்துக்கொண்டு இப்போதே ஏதாவது தொடங்க முடியுமா?

முதலியார்பேட்டைக்காரன் எழுதியது:

தாராளமாகத் தொடங்கலாம். பிபிஎம் என்றொரு படக் கோப்பு வடிவம் இருக்கிறது. தலைப்பு வரிகளில் P3 என்ற குறியீடு, படத்தின் அகலம், உயரம், நிறத்தின் உச்ச அளவு ஆகியவற்றையும், அதன் பின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களையும் எழுதிவிட்டால் அதுவே படம். சி++ நிரல் ஒன்றால் அப்படிப்பட்ட கோப்பை எழுத முடியும் என்பதால், கிராபிக்ஸ் கார்டோ வேறு நூலகங்களோ தேவைப்படாது. முதலில் ஒரு முக்கோணத்தை நிரப்புங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் எது கண்ணுக்கு அருகில் இருக்கிறது என்பதைக் குறித்து வைக்கும் டெப்த் பஃபரைச் சேர்த்து, ஒன்றை ஒன்று மறைக்கும் இரண்டு முக்கோணங்களை வரையுங்கள்.

அது சரியாக வந்தபின், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தைப் போன்ற ஓர் உருளைக் கோபுரத்தைச் செய்யுங்கள். சைன், கொசைன் கொண்டு வட்டத்தை 24 பக்கங்களாகப் பிரித்தால், சுவருக்கு 48 முக்கோணங்கள் போதும். ஒளி வரும் திசையோடு ஒவ்வொரு பக்கத்தின் செங்குத்து வெக்டரையும் புள்ளிப் பெருக்கல் செய்து, விடை எதிர்மறையாக வந்தால் பூச்சியமாக வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு நிறத்தைப் பெருக்குங்கள். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருளுமாகக் கோபுரம் தெரியும். எந்த இடத்திலாவது நின்றுபோனால், நிரலையும் வந்த படத்தையும் இந்த இழையிலேயே இடுங்கள். நான் வார இறுதிகளில் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.