கிளைடர் மோட்டர் ஃபுல்லா சுத்துது, ஆனா மேல ஏற மாட்டேங்குது – உதவி பண்ணுங்க

தும்பி81 (ஞாயிறு, காலை 10:20)

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையிலேருந்து எழுதுறேன். இந்த ஆர்சி (ரிமோட்ல ஓட்டுற) விமான வேலைக்கு நான் சுத்தமா புதுசு. காசு சேத்து ஒரு எலக்ட்ரிக் கிளைடர் வாங்கினேன். ரெக்கை முனையிலேருந்து முனைக்கு 2 மீட்டர், உடம்பு முழுக்க ஈபிஓ நுரை. மோட்டர், மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற இஎஸ்சி, வாலையெல்லாம் அசைக்கிற குட்டி சர்வோ எல்லாம் உள்ளேயே மாட்டித்தான் வந்துச்சு. பெட்டி மேல ‘கிட்டத்தட்ட ரெடி’ன்னு போட்டிருந்தான். அந்த ‘கிட்டத்தட்ட’ எவ்ளோ பெருசுன்னு இப்பதான் தெரியுது.

டிரான்ஸ்மிட்டர் ஃப்ளைஸ்கை ஐ6, அதுக்கான ரிசீவர், 3எஸ் (மூணு செல்) 2200 லிப்போ பேட்டரி, இதெல்லாம் தனியா வாங்கினது. எங்க வீட்ல கோணல் இல்லாத பலகைன்னா அது கேரம் போர்டுதான். அதுமேல வெச்சுத்தான் வாலை மாட்டினேன், ரெக்கைக்கு கார்பன் குழாய் சொருகினேன். அதுவரைக்கும் பிரச்சனை இல்ல.

பேட்டரியை மாட்டினதும் சர்வோ எல்லாம் ஆடுச்சு, மோட்டர் மட்டும் சுத்தல. இஎஸ்சி நிறுத்தாம பீப் பீப்புன்னு கத்துச்சு. வீடியோ பாத்து ப்ரொப்பெல்லரோட மடக்கு பிளேடு ரெண்டையும் கழட்டிட்டு த்ராட்டில் காலிபரேஷன் (மோட்டர் வேகக் குச்சியோட மேல், கீழ் எல்லையை இஎஸ்சிக்குப் பழக்குறது) பண்ணேன், சரியாச்சு. அப்புறம் பாத்தா மோட்டர் எதிர்ப்பக்கம் சுத்துது. மூணு வயர்ல ரெண்டை மாத்திப் போட்டேன், அதுவும் சரியாச்சு. பிளேடைத் திரும்ப மாட்டிட்டு இன்னிக்குக் காலையில ஆறரைக்கு எங்க ஏரியா மைதானத்துக்குப் போனோம்.

மாமா பையன் எறிஞ்சான், நான் த்ராட்டிலை ஃபுல்லா ஏத்தினேன். சத்தம் மிக்ஸி மாதிரி கேக்குது, ஆனா ஏறல. நாப்பது அடி போய் வயித்தால தரையில உக்காந்துடுச்சு. மூணு தடவை இதே கதை. நாலாவது தடவை மூக்கைத் தூக்கிச்சு, ஏறுதுன்னு நெனச்சேன், ஒரு நொடி அப்படியே நின்னுட்டு தொப்புன்னு விழுந்துச்சு. மூக்கு நசுங்கிடுச்சு. மோட்டர்ல விரலை வெக்க முடியல, அவ்ளோ சூடு.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது, ஃபுல் சார்ஜ். மளிகைக் கடைத் தராசுல மொத்த எடை 980 கிராம். பின்னாடி கை வெச்சுப் பாத்தா காத்து வாலைப் பாத்துதான் வருது, அப்ப திசை சரிதானே? மோட்டர் போயிடுச்சுன்னு மாமா பையன் சொல்றான். புது மோட்டருக்கு இப்ப கையில காசு இல்ல. யாராவது வழி சொல்லுங்க.

ரிச்சிதெரு ராஜா (ஞாயிறு, காலை 10:55)

ப்ரோ, 12.6 எல்லாம் பேட்டரி சும்மா கிடக்கும்போது காட்டுற நம்பர். லோடுல பாருங்க. கிளைடரை யாராவது கெட்டியாப் பிடிச்சுக்கட்டும், ஃபுல் த்ராட்டில் 10 செகண்ட் ஓட விட்டு மீட்டர் வெச்சுப் பாருங்க. 10-க்குக் கீழ இறங்கினா பேட்டரிதான் வில்லன்.

தும்பி81 (ஞாயிறு, மதியம் 12:10)

பாத்துட்டேன் அண்ணே. 11.4-ல நின்னுச்சு. அதுக்குக் கீழ போகல.

ரிச்சிதெரு ராஜா (ஞாயிறு, மதியம் 12:14)

அப்ப பேட்டரி நல்ல பேட்டரி. நான் ஒதுங்கிக்கிறேன் 😄 பெரியவங்க வரட்டும்.

வலைக்காரன் (ஞாயிறு, மதியம் 1:30)

நைனா, மோட்டரு பேட்டரி எல்லாம் அப்பால பாத்துக்கலாம். இன்னிக்கு காலைல காத்து எந்தப் பக்கத்துலேருந்து அடிச்சிது, அத்த சொல்லு. காசிமேட்டுல நாங்க படகு எடுக்கறப்போ கரைக்காத்து மேக்கேருந்து நல்லாவே அடிச்சிக்கினு இருந்துச்சு. உன் மாமா பையன் எந்தப் பக்கம் பாத்து எறிஞ்சான்?

தும்பி81 (ஞாயிறு, மதியம் 1:41)

அண்ணே... கடல் பக்கம். மேக்கால செவுரு இருக்கு, அதுல மோதிடும்னு கிழக்கப் பாத்து எறிஞ்சோம்.

வலைக்காரன் (ஞாயிறு, மதியம் 1:44)

அப்படிப் போடு. காத்த முதுகுல வெச்சிக்கினு எறிஞ்சிருக்கீங்க. பட்டம் வுடற பொடியனுக்குக் கூட தெரியுமேபா, மூஞ்சியில காத்து வாங்குனாதான் ஏறும்னு.

பழைய பல்சா (ஞாயிறு, மாலை 4:05)

தம்பி, மோட்டர் எதுவும் வாங்க வேண்டாம். காற்று விஷயம் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் அது மட்டும் என்றால் மோட்டர் இப்படிச் சுடாது. மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிளேடில், திருகு மாட்டுகிற முனைப் பக்கம் 10×6 மாதிரி அளவு அச்சாகியிருக்கும், அந்த எழுத்து மூக்குப் பக்கம் பார்க்கிறதா வால் பக்கம் பார்க்கிறதா? பிளேடை மடக்கினால் உடம்போடு ஒட்டிப் படுக்கிறதா? பேட்டரியோடு சேர்த்து ரெக்கையின் அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால், முன்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் சமமாக நிற்கிறது? கையேட்டில் என்ன போட்டிருக்கிறது?

தும்பி81 (ஞாயிறு, மாலை 5:30)

சார், எழுத்து வால் பக்கம் பாக்குது. மடக்கினா ஒட்டல, பாதி மூடின குடை மாதிரி விலகி நிக்குது. கையேட்டுல 68 மில்லின்னு இருக்கு, எனக்கு 85-ல நிக்குது. பேட்டரி வயர் எட்டலைன்னு அதைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சிருக்கேன்.

ஆனா சார், பிளேடு திரும்பியிருந்தா காத்து முன்னாடிதானே வரணும்? எனக்குப் பின்னாடிதான் வருது.

பழைய பல்சா (ஞாயிறு, இரவு 8:15)

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுவது. நானும் ஏமாந்திருக்கிறேன், அதுவும் கண்ணாடி போடாத வயதில்.

ஒரு போல்ட்டில் நட்டு மாட்டுங்கள். கழற்றி, நட்டைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி மாட்டுங்கள். எந்தப் பக்கம் திருகினால் ஏறுகிறது? அதே பக்கம்தான். மரையின் சாய்வு கவிழ்த்தாலும் மாறுவதில்லை. ப்ரொப்பெல்லரும் காற்றில் ஏறும் மரைதான். பிளேடை முன்பின்னாகத் திருப்பி மாட்டினாலும் அதன் சாய்வு அப்படியே இருக்கும், காற்றும் பின்னால்தான் போகும். அதனால் கை வைத்துப் பார்க்கிறவருக்குச் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

மாறுவது வேறு. பிளேடை ஒன்று கழற்றிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நீளவாக்கில் தடவுங்கள். ஒரு விளிம்பு உருண்டையாக, தடிப்பாக இருக்கும். இன்னொன்று மாங்காய் நறுக்கும் கத்தி மாதிரி மெலிந்திருக்கும். தடித்த விளிம்புதான் காற்றை முதலில் வெட்ட வேண்டும். பிளேடின் ஒரு முகம் புடைத்திருக்கும், இன்னொன்று தட்டையாகவோ குழிந்தோ இருக்கும். புடைப்பு மூக்குப் பக்கம் இருக்க வேண்டும். அதுவும் ரெக்கைதானே, மேல்பக்கம் புடைப்பு. உங்களுடையதில் இப்போது மெலிந்த விளிம்பு முன்னே ஓடுகிறது, குழி முன்னால் பார்க்கிறது. ரெக்கையைத் தலைகீழாக மாட்டிப் பறக்கச் சொன்ன மாதிரி. மோட்டர் முக்குகிறது, கரண்ட் குடிக்கிறது, இழுவை வருவதில்லை. சூடு அதனால்தான். குடை மாதிரி விலகி நிற்பதும் அதனால்தான். பிளேடின் வளைவு மூக்கின் வளைவோடு பொருந்த வேண்டியது, எதிராக நிற்கிறது.

காலிபரேஷனுக்குப் பிளேடைக் கழற்றினீர்கள் பாருங்கள், அது மிக நல்ல பழக்கம். திரும்ப மாட்டும்போது கவிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான். எழுத்து மூக்குப் பக்கம் தெரிகிற மாதிரி மாட்டுங்கள். மோட்டர் வயரைத் தொடாதீர்கள், அது சரியாக இருக்கிறது.

அடுத்தது எடைமையம், அதாவது விரலில் சமமாக நிற்கிற இடம். 17 மில்லி பின்னால் என்பது சின்னத் தப்பு இல்லை. நாலாவது தடவை மூக்கைத் தூக்கி நின்று விழுந்ததற்கு இதுதான் காரணம். பேட்டரிக்கு வயர் நீட்டிப்பு போட்டு 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள். 3எஸ் 2200 என்றால் சுமார் 180 கிராம் இருக்கும், 980 கிராம் கிளைடரில் அதுவே எடைமையத்தை 7 மில்லி முன்னால் கொண்டுவரும். மிச்சம் 10 மில்லிக்கு மூக்கின் நுனிப் பக்கம் 30, 35 கிராம் தேவைப்படும். கணக்கை நம்பாமல் விரலில் தூக்கிப் பார்த்துப் பார்த்து வையுங்கள்.

வலைக்காரன் (ஞாயிறு, இரவு 8:40)

எடைக்கு கட கடையா அலையாத நைனா. வலையோட அடிக்கயித்துல கோக்கற ஈயக்குண்டு எங்கூட்டுல கீது. சுத்தியால தட்டினா தகடாயிடும், மூக்குல டேப்பு போட்டு ஒட்டிக்கலாம். காசிமேடு வந்தா வாங்கிக்கினு போ, காசு வேணா.

ரிச்சிதெரு ராஜா (ஞாயிறு, இரவு 9:05)

ஸ்ட்ரைக்கர் ரெண்டு வெச்சா போதாதா? ஒண்ணு 15 கிராம், ரெண்டு 30. கேரம் போர்டு வீட்லயே இருக்கே 😂

இன்னொண்ணு ப்ரோ. த்ராட்டிலைக் குறைச்சதும் பிளேடு டக்குனு நின்னு மடியுதா, இல்ல காத்துல சும்மா சுத்திக்கிட்டே இருக்கா?

தும்பி81 (ஞாயிறு, இரவு 9:12)

சுத்திக்கிட்டே இருக்கு அண்ணே.

ரிச்சிதெரு ராஜா (ஞாயிறு, இரவு 9:20)

இஎஸ்சில பிரேக் ஆஃப்ல இருக்கு. ஃபுல் த்ராட்டில்ல வெச்சுப் பேட்டரி மாட்டினா முதல்ல காலிபரேஷன் பீப் வரும். த்ராட்டில் குச்சியை இறக்காம அப்படியே இருந்தா ப்ரோக்ராம் மெனுவுக்குப் போகும். அதுல பிரேக் எந்த பீப்னு உங்க இஎஸ்சி தாள்ல இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளேடைக் கழட்டிட்டுப் பண்ணுங்க. பிரேக் இல்லாத கிளைடர்ல ப்ரொப்பெல்லர் காத்துல சுத்திக்கிட்டு நல்லா பின்னாடி பிடிச்சு இழுக்கும், மிதக்கவே மிதக்காது.

கையோட ஃபெயில்சேஃபும் பாத்துடுங்க. டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணா மோட்டர் நிக்கணும். அதுவும் பிளேடு இல்லாம.

பழைய பல்சா (திங்கள், காலை 6:50)

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். எந்த மைதானம்? பெயர் வேண்டாம், சுற்றி என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

தும்பி81 (திங்கள், காலை 8:02)

கொருக்குப்பேட்டை பக்கம் சார். ஒரு பக்கம் ரயில் லைன். சாயங்காலம் பசங்க பட்டம் விடுவாங்க, காலையில காலியாதான் இருக்கும்.

பழைய பல்சா (திங்கள், காலை 8:30)

அங்கே வேண்டவே வேண்டாம். ரயில் மின்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். கிளைடர் அதில் சிக்கினால் குச்சி எடுத்துக்கொண்டு யாராவது ஏறத்தான் போகிறார்கள், அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காலையில் காலி என்றாலும் மரத்திலும் கம்பத்திலும் அறுந்த மாஞ்சா தொங்கும். தடை போட்டும் ஓயவில்லை. ஒரு கிலோ நுரையைச் சர்ரென்று அறுத்துவிடும்.

மீனம்பாக்கம் விமான நிலையம் தூரம்தானே என்று நம் பக்கத்து ஆட்கள் நினைக்கிறார்கள். துறைமுகம் இருக்கிறது, மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, எண்ணூர் பக்கம் போனால் அனல்மின் நிலையமும் உயர் அழுத்தக் கம்பிகளும். பழவேற்காடு பறவைகள் சரணாலயம், எதிரே ஸ்ரீஹரிகோட்டா. அந்தப் பக்கமும் போக வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளில் நம் கிளைடரும் அடங்கும். எங்கே பறக்கவிடலாம் என்று அரசு போட்டிருக்கிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கிற இடமாகப் பாருங்கள், அங்கேயும் 400 அடிக்கு மேலே போகக் கூடாது. பொன்னேரி பக்கம் அறுப்பு முடிந்த வயல்கள் கிடக்கும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அறுத்த தாளில் வயிற்றால் இறங்கினால் நுரைக்கும் நல்லது.

தும்பி81 (அடுத்த ஞாயிறு, காலை 11:45)

சார், அண்ணே, ஏறிடுச்சு!!!

பிளேடைத் திருப்பி மாட்டினதுமே வித்தியாசம் தெரிஞ்சுது. வீட்ல பிடிச்சுக்கிட்டு பாதி த்ராட்டில் வெச்சதுக்கே கையிலேருந்து பிடுங்கிச்சு, கேரம் பவுடர் டப்பா பறந்து அம்மா திட்டினாங்க. வலைக்காரன் அண்ணன் குடுத்த ஈயத்துல 32 கிராம் போச்சு, இப்ப 69-ல நிக்குது. பிரேக்கும் போட்டாச்சு.

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ரெக்கையை ரெண்டாக் கழட்டி வேட்டியில சுத்தி எடுத்துட்டுப் போனோம். வண்டியில எல்லாரும் என்ன மீனுன்னு கேட்டாங்க. காத்தைப் பாத்து எறிஞ்சோம். முக்கால் த்ராட்டில்லயே ஏறிடுச்சு. மேல போய் மோட்டரை நிறுத்தினேன், பிளேடு மடிஞ்சுது, சத்தமே இல்ல. சத்தம் இல்லாம அது வளையறதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன், மாமா பையன் கத்தினப்புறம்தான் குச்சியைத் தொட்டேன். மூணு தடவை பறந்துச்சு. மோட்டர் வெதுவெதுன்னுதான் இருக்கு.

மிச்சம் அந்த நசுங்கின மூக்குதான். ஃபெவிக்விக் ஊத்தி நிரப்பிடலாமா?

ரிச்சிதெரு ராஜா (ஞாயிறு, மதியம் 12:01)

கலக்கிட்டீங்க ப்ரோ. பேட்டரியை ஃபுல் சார்ஜ்ல வீட்ல போட்டு வெக்காதீங்க. அடுத்த வாரம்தான் பறக்கணும்னா செல்லுக்கு 3.8 வோல்ட்ல நிறுத்திடுங்க.

வலைக்காரன் (ஞாயிறு, மதியம் 12:20)

என்ன மீனுன்னு கேட்டவன்கிட்ட கோலான்னு சொல்லியிருக்கணும்பா. அதுவும் பறக்கும்.

பழைய பல்சா (ஞாயிறு, மாலை 3:10)

மகிழ்ச்சி தம்பி. ஃபெவிக்விக் ஈபிஓவைக் கரைக்காது. தெர்மோகோலைத்தான் கரைக்கும். ஆனால் நசுங்கின இடத்துக்குப் பசை எதற்கு? கிழிசல் இல்லை என்றால் கொதிக்கிற தண்ணீரை மெதுவாக அந்த இடத்தின் மேல் ஊற்றுங்கள். நுரை மணிகள் உப்பி, பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மோட்டரையும் இஎஸ்சியையும் முதலில் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். ஈயத்தையும்.