சமுதாயக் கல்லூரியில் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பள்ளத்தூர்க்காரி

நாத்தனார் மகளுக்காகக் கேட்கிறேன். பத்தாவதில் கணக்கும் அறிவியலும் போய்விட்டது. இப்போது காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். படிப்பை விட்டவர்களுக்குத் தொழில் சொல்லித்தரும் சமுதாயக் கல்லூரியில் நோயாளிப் பராமரிப்பு என்று ஒரு வருடக் கோர்ஸ் இருக்கிறது, அதில் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். நாத்தனார் வீட்டில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் “அதெல்லாம் ஒரு காலேஜா” என்கிறார்கள். நோட்டீஸில் போட்டிருப்பது எங்களிடமே இருக்கிறது. நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

அக்கா, நான் அதே கோர்ஸ் படித்தவள். மார்க் ஷீட்டை நீட்டினால் முகம் மாறும் என்று பயந்துகொண்டுதான் போனேன். சேர்க்கை மேஜையில் இருந்த மேடம் அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு பஸ், வீட்டில் சமையல் யார், நடுவில் கல்யாணப் பேச்சு ஏதும் வருமா என்று வரிசையாகக் கேட்டார். பாதியில் நின்றுவிடுகிற பெண்கள் எதனால் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் சில வாரங்கள் ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. எழுந்து நின்று பேசுவது, பாங்க் சலான் நிரப்புவது, சண்டை போடாமல் மறுப்புச் சொல்வது. இதற்கு வாழ்க்கைத் திறன் என்று பெயர். இதற்கா பணம் கட்டினோம் என்று எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போன அன்றே ஒரு நோயாளியின் மகன் வார்டில் நின்று கத்தின கத்தில், அந்தப் பாடத்தை இன்னும் ஒரு மாதம் நடத்தியிருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

கோர்ஸில் கற்றதில் இன்றுவரை தினமும் கைகொடுப்பது ஒன்றைச் சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பு, பிட்டம், குதிகால் எங்கெல்லாம் எலும்பு அழுத்துகிறதோ அங்கெல்லாம் புண் வந்துவிடும். திருப்பும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. வயதானவர்களின் தோல் உரசியே கிழிந்துவிடும். தோளிலிருந்து தொடை வரைக்கும் குறுக்காக ஒரு விரிப்பைப் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் அதன் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே சமயத்தில் தூக்கித் திருப்ப வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. இதை எங்களில் ஒருத்தியையே படுக்க வைத்துப் பழக்கினார்கள். தப்பாகத் தூக்கினால் படுத்திருந்தவளே திட்டுவாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைக் கற்க முடியாது.

இப்போது நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில் ஒரு ஆச்சியைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி அத்தனை அறைகள், இருப்பது ஆச்சியும் சமையல்கார அம்மாவும் நானும். ஆச்சிக்குச் சர்க்கரை உண்டு. தினமும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு எல்லாம் பார்ப்பேன். முதலில் “என் காலை நீ எதுக்குடி புடிக்கிறே” என்று இழுத்துக்கொள்வார்கள். இப்போது நான் மறந்தால் அவர்களே காலை நீட்டுகிறார்கள். செட்டிநாட்டில் இப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். எந்த வீடு என்று பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

புதுவயல் தம்பி

மேலே அக்கா சொன்னது சரி. ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. என் தங்கையை வேறு மாவட்டத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்த்தோம். போர்டில் சமுதாயக் கல்லூரி என்றுதான் இருந்தது. நர்சிங் என்று சொல்லியே சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போய் நடக்கவே இல்லை. கடைசியில் கொடுத்த சான்றிதழில் அந்த நிறுவனத்தின் முத்திரை மட்டும். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. அப்பா புதுவயல் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசு.

அதனால் இரண்டு விஷயம். இந்த ஒரு வருடப் படிப்பு நர்சிங் கிடையாது. நர்ஸ் என்றால் ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) இரண்டு வருடம், ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ) மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். அதற்குமேல் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இது பராமரிப்பு உதவியாளர் வேலை. அதுவும் நல்ல வேலைதான், அதை அப்படியே சொல்லிச் சேர்க்க வேண்டும். “நர்ஸ் ஆகலாம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று கேட்டு, போன வருடம் முடித்தவருடைய சான்றிதழை வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

கோட்டையூர் வாத்தியார்

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். “அதெல்லாம் ஒரு காலேஜா” என்று நம் ஊரில் கேட்பதன் காரணம் புரிகிறது. அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானிலிருந்து போய்ச் சிதம்பரத்தில் 1929-ல் பல்கலைக்கழகமே கண்டவர். எங்கள் ஊர் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தவர் அவர். 48 வயது நிறைவதற்குள் போய்விட்டார். இவ்வளவையும் பார்த்த கண்ணுக்கு, இரண்டு அறையும் ஒரு தகரக் கொட்டகையுமாக நடக்கும் ஒரு வருடப் படிப்பு சிறியதாகத் தெரியும்.

ஆனால் அந்த வளாகங்களின் வாசல் பிளஸ் டூ தேறியவனுக்குத்தான் திறக்கும். பாலிடெக்னிக்குக்குக்கூடப் பத்தாவது தேற வேண்டும். பத்தாவதில் விழுந்தவள், பிளஸ் டூ முடித்துக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து வேலை தேடுகிறவள், இவர்களுக்கு என்ன இருந்தது? நம் நாட்டில் முதல் சமுதாயக் கல்லூரியைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1995-ல் தொடங்கியது. அடுத்த வருடமே சென்னையில் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் ஒன்றைத் தொடங்கியது. கல்வியிலிருந்து விடுபட்டவர்களை உள்ளே கொண்டுவருவதுதான் நோக்கம் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்கள். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பிறகு நேரடிப் பயிற்சி என்ற வரிசையும் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

பள்ளத்தூர் அம்மா கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லாமே ஒரே வகை அல்ல. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தில் தொழில் டிப்ளமோ நடத்தும் மையங்கள் ஒரு வகை. என்ன தகுதி என்பது அங்கே கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2013-14-ல் கொண்டுவந்த திட்டத்தில், இருக்கிற கல்லூரிகளுக்குள்ளேயே நடப்பவை இன்னொரு வகை. அந்த டிப்ளமோவுக்குப் பொதுவாகப் பிளஸ் டூ கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட் (பாட அளவுப் புள்ளி), அதில் 36 தொழில் திறனுக்கு, 24 பொதுக் கல்விக்கு. மேலே பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம் வரைக்கும் போகலாம். உங்கள் பெண்ணுக்கு முதல் வகையில் தேடுங்கள்.

கல்லல் பக்கம்

பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கோர்ஸ் நல்ல கோர்ஸ்தான். சாயங்கால பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு உட்கார்ந்திருக்க வேண்டும், இருட்டிவிடும். எங்கள் தெருப் பெண் இதனாலேயே நின்றாள்.

கானாடுகாத்தான் கான்ட்ராக்டர்

நான் படித்தவன் இல்லை. படிக்கிறவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்பவன். பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றும் வேலை, பராமரிப்பு வேலை செய்கிறோம். எலெக்ட்ரிக்கல் கோர்ஸ் பையன்களை அனுப்புவார்கள்.

இந்த வீடுகளில் வயரிங் என்றால் தேக்குச் சட்டத்துக்குள் ஓடும் கேசிங் கேப்பிங். உள்ளே இருக்கும் ரப்பர் உறை காய்ந்து, விரல் பட்டாலே பொடியாக உதிரும். எர்த் கம்பி என்ற ஒன்றே கிடையாது. அந்தக் காலத்தில் எரிந்தது நாலு பல்பு, போதும். இப்போது அதே வீட்டில் அறைக்கு ஒரு ஏ.சி., ஒரு கீசர். ஒரு பையன் வந்த புதிதில் ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, எர்த்தைக் கொண்டுபோய்த் தண்ணி பைப்பில் கட்டியிருக்காங்க” என்றான். எங்கள் பழைய ஆள் கட்டினதுதான். பைப்பை நடுவில் எப்போதோ பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தார்கள், அதனால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரி. அந்தப் பையனை வைத்துத்தான் அந்த வீட்டில் தனியாக எர்த் குழி போட்டு, மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினோம். இப்போது அவன் என்னிடமே வேலைக்கு இருக்கிறான். பத்தாவதில் அவன் என்ன மார்க் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

ஆனால் குறையும் சொல்வேன். அந்தந்த வட்டாரத்து வேலைக்கு ஏற்ற படிப்பு என்றுதானே இதை ஆரம்பித்தார்கள்? நான் விசாரித்த இடமெல்லாம் டி.டி.பி., டாலி, தையல். எனக்கு ஆள் கிடைக்காதது சுண்ணாம்புக் காரைக்கு. நம் வீட்டுச் சுவர் சுண்ணாம்பைக் குளிர வைத்து, அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது. அது தெரியாத கொத்தனார் விரிசலில் சிமெண்டை அப்பிவிட்டுப் போகிறார். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, சுற்றியிருக்கும் நல்ல காரையும் பொரிந்து விழுகிறது. தெரிந்த மேஸ்திரிகள் எல்லாருக்கும் வயதாகிவிட்டது. ஆத்தங்குடித் தரைக்கல் போடுவதற்கும் இதே கதை. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது வேடிக்கை பார்க்கச் சுலபம். அளவு கைப்பழக்கம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம், நெய்ய எத்தனை பேர் வருகிறார்கள்? டி.டி.பி. வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லித்தர ஊருக்கு ஊர் கடை இருக்கிறது.

தேவகோட்டை டு நியூ ஜெர்சி

இங்கே அமெரிக்காவில் என் மனைவி எங்கள் கவுண்டியின் கம்யூனிட்டி காலேஜில் படித்தாள். வகுப்பில் பள்ளி முடித்து வந்த பையன், பக்கத்தில் ஐம்பது வயது டிரக் டிரைவர், அந்தப் பக்கம் இங்கிலீஷ் கற்க வந்த பாட்டி. இல்லினாயில் 1901-ல் ஆறு மாணவர்களோடு தொடங்கியது இந்த முறை. இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு, ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் போய்ச் சேரலாம். செலவு பாதியாகக் குறையும். அதனால் பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. நம் ஊரில் மேலே ஏறுகிற அந்தப் படியைச் சரியாகக் கட்டாமல் விட்டதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். ஒரு வருடம் படித்தவளுக்கு அந்த ஒரு வருடத்துக்கு மேல் என்ன என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அபூர்வம்.

பகுதிநேர ஆசிரியை

நான் இந்தப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பெயர் வேண்டாம். எங்களுக்குச் சம்பளம் குறைவு, அது தனிக் கதை.

கான்ட்ராக்டர் அண்ணன் சொன்னதற்குப் பதில். சுண்ணாம்பு வேலையைக் கோர்ஸாக வைக்கலாம், சொல்லித்தர வேண்டியவர் மேஸ்திரிதான். மேஸ்திரிக்கு டிகிரி கிடையாது. டிகிரி இல்லாதவரை ஆசிரியர் என்று பதிவேட்டில் எழுத வழி தேடுவதற்குள் அந்த வருடம் முடிந்துவிடும். நீங்கள் உங்கள் வேலை இடத்திலேயே பையன்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால், பயிற்சி நேரம் என்று கணக்கு வைக்க முடியும். வந்து பேசுங்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

வருகைப் பதிவு இன்னொரு தலைவலி. கல்யாண மாதங்களில் பாதி வகுப்பு காலி. பலகாரம் சுடப் போய்விடுவார்கள். மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று கூலி நன்றாகக் கிடைக்கும்போது யார் வகுப்புக்கு வருவார்? ஒரு வருடம் கேட்டரிங் பிள்ளைகளுக்கு அதையே பயிற்சியாக எழுதச் சொன்னோம். எத்தனை படி மாவு, எவ்வளவு எண்ணெய், என்ன விலை என்று நோட்டில் எழுதி வந்தார்கள். ஒருத்தி போட்ட விலைக் கணக்கைப் பார்த்த அவளுடைய முதலாளி அம்மா, அடுத்த சீசனில் கணக்கெழுதவும் அவளையே வைத்துக்கொண்டார்.

பள்ளத்தூர் அக்காவுக்கு: பெண்ணைச் சேர்க்கும்போதே விட்டுப்போன இரண்டு பாடத்துக்கும் துணைத்தேர்வு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். டிப்ளமோ கையில் இருந்தாலும், பத்தாவது தேறாமல் பின்னால் பெரும்பாலான அரசு வேலைகளுக்குப் போக முடியாது. ஏ.என்.எம். படிப்புக்கு அதற்குமேல் பிளஸ் டூவும் தேற வேண்டும். எங்களிடம் சாயங்காலம் கணக்குச் சொல்லித்தர ஒருவர் இருக்கிறார், நீங்கள் சேர்க்கிற இடத்திலும் கேட்டுப் பாருங்கள். சேர்க்கைக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.