4.9 கேர்னல் மொட்வேர்சன்ஸ்: லினஸ் திருத்தினாரா, மூடி மறைத்தாரா?

கொக்குவில் காகம்: "லினக்ஸ் கேர்னல் 4.9இல் மொட்வேர்சன்ஸ் உடைந்தது, லினஸ் டோர்வால்ட்ஸ் சரியாக்கினார், விசயம் முடிந்தது" என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதியிருந்தார். என்ன முடிந்தது? மொட்வேர்சன்ஸ் என்பது, டிரைவர் மாதிரியான ஒரு மொடியூல் ஏறும்போது, அது கேர்னலோடு பொருந்துகிறதா என்று பார்க்கிற ஒப்ஷன்; ஃபங்ஷன்களின் சீ அறிவிப்பிலிருந்து கணக்கிட்ட சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடும். எக்ஸ்86 (இன்டெல் வகைச் சிப்) அசெம்பிளி ஃபங்ஷன்களை மொடியூல்களுக்குத் திறந்துவிடும் 'எக்ஸ்போர்ட்' வரிகளை சீ ஃபைலில் இருந்து அசெம்பிளி ஃபைலுக்கே கொண்டுபோனார்கள். சிஆர்சி கணக்குப் போடும் ஜென்கேசிம்ஸ் என்ற கருவிக்கு அங்கே வாசிக்க ஒரு சீ அறிவிப்பும் இல்லை. பைன்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர் தொகுப்பு) 2.27 வைத்திருந்தவர்களுக்கு சிஆர்சியே காணாமல் போய், மொடியூல் ஏற மறுத்தது. 2016 நவம்பர் கடைசியில் லினஸ் அந்த ஒப்ஷனை 'புரோக்கன்' என்று குறித்து மூடினார். சில நாளில் அதைத் தானே திருப்பி, சிஆர்சி இல்லாவிட்டால் ஓர் எச்சரிக்கையோடு உள்ளே விட்டார். ஒரே ஓர் எச்சரிக்கை! படலையைத் திறந்துவிட்டுக் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி.

நல்லூரான்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமோ? சிஆர்சி இருந்து பொருந்தாவிட்டால் மொடியூல் இப்போதும் ஏறாது. இல்லாததற்கு மட்டும்தான் சலுகை. அதுவும் மெமரியை நகலெடுக்கும் மெம்கொப்பி மாதிரி நாலு பழைய ஃபங்ஷனுக்கு. மெம்கொப்பியின் ஆர்கியுமென்டை யார் மாற்றப் போகிறார்கள்?

கொக்குவில் காகம்: கோட்டைத் திறந்து பார்த்தீரா? 'நாலு பழைய ஃபங்ஷன்' என்று எந்த வரியில் இருக்கிறது? எந்த சிம்பலுக்கு (எக்ஸ்போர்ட் பண்ணின பெயருக்கு) சிஆர்சி இல்லாவிட்டாலும் எச்சரிக்கை ஒருதரம், உடனே ரிட்டர்ன் 1, அதாவது 'சரி, உள்ளே விடு'. ஒருதரம் என்றால் மொடியூலுக்கு ஒருதரம் இல்லை, பூட் ஆனதிலிருந்து ஒருதரம். முதல் மொடியூல் அதை வாங்கிவிட்டால் அடுத்தது சத்தமில்லாமல் ஏறும்.

கோண்டாவில் சைக்கிள்: லினஸுக்கே மொட்வேர்சன்ஸை ஒருநாள் தூக்கி எறியத்தான் ஆசை. டெபியன் லினக்ஸ் ஆட்களுக்கு வேணும் என்றபடியால் விட்டுவைத்தார். கேர்னல் மாறும்போது கேர்னலோடு வராத வெளி மொடியூலைத் திரும்பக் கம்பைல் பண்ணினால் இந்தச் சண்டையே இல்லை.

நல்லூரான்: உங்கள் லாப்டொப்புக்கு அது சுகம் அண்ணை. மற்றவனுக்கு அந்தக் கம்பைல் இரவு முழுக்க ஓடும். காகத்துக்கு ஒன்று: அசெம்பிளி ஃபங்ஷன்களுக்கென்று சீ அறிவிப்புகளோடு ஒரு ஹெடர் ஃபைல் போட்டு சிஆர்சியை ஒழுங்காக வரவைத்தார்களே, அதை ஏன் மறைக்கிறீர்?

கொக்குவில் காகம்: ஹெடர் போட்டது நல்லது. ரிட்டர்ன் 1 போய்விட்டதா? அதைச் சொல்லும். என் பழைய வைஃபை டொங்கிளுக்கு அந்த வெளி டிரைவரைப் போட்டுத் தந்தவரும் நீர்தான். எச்சரிக்கையைப் பார்த்து "சும்மா விடும்" என்றீர்.

நல்லூரான்: டொங்கிளா? பின் வளைந்த டொங்கிளைத் தந்துவிட்டு டிரைவரில் பழி! அதோடு கொண்டுபோன என் யூஎஸ்பி ஹப் இன்னும் வரவில்லை.

கோண்டாவில் சைக்கிள்: இரண்டு பேரும் நேரில் போய்த் தீருங்கோவன்.

கொக்குவில் காகம்: சைக்கிள், நீர் சும்மா இரும். மொட்வேர்சன்ஸே வேண்டாம் என்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை? நல்லூரான், ஹப்பைத் தருகிறேன். அதுக்கு முதல் ஒரே பதில்: சிஆர்சி இல்லாத இரண்டாவது மொடியூல் ஏறும்போது எச்சரிக்கை வருமா, வராதா?

நல்லூரான்: ஹப் வரட்டும், கதைப்போம்.

கொக்குவில் காகம்: வராது! அவ்வளவுதான் கேட்டேன். ஒருதரம் என்றால் ஒருதரம்.