எத்திடியம் ஒளிர்வு குறைந்தால் அது இன்டர்கலேஷன்தானா? காப்பர்–ஃபினாந்த்ரோலின் அணைவும் டி.என்.ஏ.வும்

நீலப்படிகம் (கேள்வி)

வணக்கம். ஒரு ஃபினாந்த்ரோலினும் ஒரு கிளைசினும் உள்ள காப்பர்(2) அணைவுச் சேர்மம், கன்றுத் தைமஸ் டி.என்.ஏ.வுடன் எப்படிப் பிணைகிறது என்று பார்க்கிறேன். பஃபர்: 5 மில்லிமோலார் ட்ரிஸ், 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பி.எச். 7.2. டி.என்.ஏ.வின் 260/280 விகிதம் (தூய்மையைக் காட்டுவது) 1.87. செறிவு கணக்கிட 260 நானோமீட்டரில் 6600 என்ற குணகத்தை எடுத்துக்கொண்டேன்.

யு.வி. டைட்ரேஷனில் சேர்மம் 20 மைக்ரோமோலார், அளவு 3 மில்லி. 0.8 மில்லிமோலார் டி.என்.ஏ.வை 10 மைக்ரோலிட்டர் வீதம் மொத்தம் 240 மைக்ரோலிட்டர் வரை இரண்டு கியூவெட்டிலும் சேர்த்தேன். 268 நானோமீட்டர் பட்டையின் உறிஞ்சல் 0.62-இலிருந்து 12 சதவீதம் குறைந்தது. சிவப்புப் பக்க நகர்வு 1 நானோமீட்டர்தான். உறிஞ்சல் மாற்றத்தை நேர்கோடாக்கும் உல்ஃப்–ஷிமர் வரைபடத்தில் பிணைப்பு மாறிலி 3 × 10⁵ வருகிறது. எத்திடியம் புரோமைடு (டி.என்.ஏ.வுக்குள் செருகி ஒளிரும் சாயம்) சோதனையில், 60 மைக்ரோமோலார் சேர்மத்துக்கு ஒளிர்வு 55 சதவீதம் குறைகிறது.

இதை இன்டர்கலேஷன் (பேஸ் ஜோடிகளுக்கு நடுவே செருகிக்கொள்வது) என்று எழுதலாமா? டாக்கிங் (கணினியில் பொருத்திப் பார்ப்பது) டி.என்.ஏ.வின் சிறு பள்ளத்தில் உட்காருவதாகக் காட்டுகிறது.

சாய்வும்_வெட்டும் (பதில்)

பிணைப்பு முறைக்குப் போகும் முன் அந்த 3 × 10⁵-ஐ முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் எண்களே அதற்கு எதிராக நிற்கின்றன.

மாறிலி 3 × 10⁵ என்றால், சுமார் 3.3 மைக்ரோமோலார் டி.என்.ஏ.விலேயே பாதிச் சேர்மம் பிணைந்திருக்க வேண்டும். ஆனால் கியூவெட்டில் இருப்பது 20 மைக்ரோமோலார் சேர்மம். பாதி பிணைய 10 மைக்ரோமோலார் இடமாவது வேண்டும். இன்டர்கலேஷன் என்றால் ஒரு மூலக்கூறு குறைந்தது இரண்டு பேஸ் ஜோடியை அடைத்துக்கொள்ளும். அதாவது 20 மைக்ரோமோலார் ஜோடி, நியூக்ளியோடைடு கணக்கில் 40. நீங்கள் கடைசிவரை சேர்த்ததே 59 மைக்ரோமோலார் நியூக்ளியோடைடுதான். அதில் 15 மைக்ரோமோலார் சேர்மத்துக்கு மேல் உட்கார இடமே இல்லை. உங்கள் டைட்ரேஷன் நிறைவுநிலையின் பக்கமே போகவில்லை.

அப்படியானால் எண் எங்கிருந்து வந்தது? உல்ஃப்–ஷிமரில் மாறிலி என்பது சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்தது. வெட்டுத்துண்டு சுழிக்கு அருகில் விழுந்தால் முதல் இரண்டு மூன்று புள்ளிகளின் இரைச்சலே மாறிலியைப் பத்து மடங்கு ஏற்றி இறக்கிவிடும். அந்தச் சமன்பாடு, சேர்த்த டி.என்.ஏ. எல்லாமே பிணையாமல் இருப்பதாக வேறு எடுத்துக்கொள்கிறது. டைட்ரேஷனின் தொடக்கத்தில் அது பொய்.

இன்னொன்று, இதுதான் அதிகம் உறுத்துகிறது. 3000 மைக்ரோலிட்டரில் 240 சேர்த்தால் நீர்த்தலால் மட்டுமே உறிஞ்சல் 7.4 சதவீதம் குறையும். அதைத் திருத்தாமல் 12 என்று எழுதியிருந்தால், உண்மையான குறைவு 5 சதவீதம்தான்.

மறுபடி செய்யும்போது சேர்மம் 5 மைக்ரோமோலார் போதும். டி.என்.ஏ. ஸ்டாக் 4 மில்லிமோலாராக இருக்கட்டும். அதிலும் அதே 5 மைக்ரோமோலார் சேர்மத்தைக் கலந்துவிடுங்கள், நீர்த்தல் பிரச்சினையே வராது. 75 மைக்ரோலிட்டர் சேர்த்தாலே 98 மைக்ரோமோலாருக்கு வந்துவிடும். அதற்கு மேல் போகாதீர்கள்: ஃபினாந்த்ரோலின் பட்டையும் டி.என்.ஏ. பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, 100 மைக்ரோமோலாரில் டி.என்.ஏ. மட்டுமே 0.66 உறிஞ்சும். ரெஃபரன்ஸ் கியூவெட் அதைக் கழித்தாலும் இரைச்சல் கூடும். ஒவ்வொரு முறை சேர்த்த பிறகும் 5 நிமிடம் விடுங்கள். 400 நானோமீட்டருக்கு அப்பால் அடிக்கோடு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் நேர்மின் சேர்மம் டி.என்.ஏ.வைத் திரட்டுகிறது, அந்தப் புள்ளிகள் பயன்படாது. பொருத்துவதற்கு, இட அளவையும் சேர்த்துக் கணக்கிடும் பார்ட் சமன்பாட்டை நேர்கோடாக்காமல் அப்படியே போடுங்கள்.

பாகுமானி (பதில்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். எத்திடியத்துக்கு வருவோம்.

ஒளிர்வு குறைவது எத்திடியம் வெளியேறியதற்குச் சாட்சி அல்ல. காப்பர்(2) பாராகாந்தத் தன்மை உடையது. பக்கத்தில் பள்ளத்திலோ பாஸ்பேட் மீதோ ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும், உள்ளே செருகியிருக்கும் எத்திடியத்தின் ஒளிர்வை அணைத்துவிடும். 510 நானோமீட்டரில் உங்கள் சேர்மம் உறிஞ்சுவது மிகக் குறைவு என்பதால் உள்வடிகட்டல் விளைவைப் பற்றி (சேர்மமே ஒளியை விழுங்கிவிடுவது) கவலை வேண்டாம். ஆனால் காப்பரின் அணைப்பைச் சாதாரண ஒளிர்வு அளவீட்டால் பிரிக்கவே முடியாது.

பிரித்துக்காட்ட மூன்று வழிகள். ஒன்று, எத்திடியத்தின் உறிஞ்சல். தனித்திருக்கும்போது 480 நானோமீட்டரில் இருக்கும் பட்டை, செருகியபின் 520-ஐ ஒட்டி நகரும். சேர்மத்தைச் சேர்க்கச் சேர்க்க 480-க்குத் திரும்பினால் வெளியேறுகிறது என்று அர்த்தம். இரண்டு, ஒளிர்வு ஆயுள்: செருகிய எத்திடியத்துக்கு சுமார் 22 நானோவினாடி, தனித்ததற்கு 2-க்கும் குறைவு. வெளியேறினால் நீண்ட ஆயுளின் பங்கு குறையும், நீளம் மாறாது. இருந்த இடத்திலேயே அணைந்தால் நீளமே சுருங்கும். மூன்று, அதே ஈனிகளோடு (உலோகத்தைப் பிடித்திருக்கும் ஃபினாந்த்ரோலின், கிளைசின்) ஜிங்க் சேர்மத்தைச் செய்து பாருங்கள். வடிவம் அச்சொட்டாக ஒத்துவராது, ஆனாலும் ஜிங்கில் ஒளிர்வு குறையாவிட்டால் பதில் தெரிந்துவிடும்.

எத்திடியத்தோடு ஒப்பிட்டுச் சேர்மத்தின் தோன்றுமாறிலியை (தோராயப் பிணைப்பு மாறிலி) கணக்கிடும்போது எத்திடியத்துக்கு 10⁷ என்று யாரோ எழுதியதை எடுத்துப் போடாதீர்கள். உப்பின் அளவோடு அது மாறும். உங்கள் பஃபரிலேயே அளந்துகொள்ளுங்கள்.

முறையைத் தீர்மானிக்கப் பாகுநிலைதான் வேண்டும். செருகல் என்றால் 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி ஏறக்குறைய 6.8 ஆக விரியும், இழை நீளும், பாகுநிலை ஏறும். இன்டர்கலேஷனை முன்வைத்த லெர்மன் 1961-இல் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. மூன்று ஃபினாந்த்ரோலின் கொண்ட ருதேனியம் சேர்மம் செருகுகிறதா என்று எத்தனை வருடம் சண்டை நடந்தது! 1992-இல் சத்யநாராயணா, டாப்ரோவியாக், சேர்ஸ் மூவரும் பாகுநிலையை அளந்து, அதன் இரு ஆடி வடிவங்களுமே வழக்கமான இன்டர்கலேஷன் செய்யவில்லை என்று காட்டினார்கள். நிறமாலை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள் அங்கேதான் சறுக்கினார்கள்.

செய்முறை: டி.என்.ஏ.வைப் பனிக்கட்டியில் வைத்துச் சோனிகேட் செய்து (மீயொலியால் துண்டாக்கி) சுமார் 200 ஜோடி நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். நீண்ட இழை வளைந்து நெளிந்து முடிவைக் குழப்பும். 200 மைக்ரோமோலார் டி.என்.ஏ., 25 டிகிரியில் 0.1-க்கு மேல் ஆடாத நீர்த்தொட்டி, சேர்மம்/டி.என்.ஏ. விகிதம் 0.2 வரை. பஃபரின் பாய்வு நேரத்தைக் கழித்து, பாகுநிலை விகிதத்தின் கனமூலத்தை வரையுங்கள். பக்கத்திலேயே எத்திடியத்தையும் ஹோக்ஸ்ட் 33258-ஐயும் ஓட்டுங்கள். முதலாவது ஏறும். இரண்டாவது சிறு பள்ளத்தில் உட்காருவது, கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். உங்கள் கோடு எதன் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். டாக்கிங்கை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்: செருக இடம் திறந்திராத டி.என்.ஏ. அமைப்பைக் கொடுத்தால் அது பள்ளத்தைத்தான் காட்டும், வேறு வழியில்லை.

ட்ரிஸ் பஃபரையும் சந்தேகியுங்கள். அதன் அமீன் காப்பரைப் பிடிக்கும். 5 மைக்ரோமோலாருக்கு நீர்த்தும்போது கிளைசின் கழன்றுகொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஹெப்பெஸ் என்ற வேறு பஃபரில் ஒரு தடவை ஓட்டி ஒப்பிடுங்கள்.

நீலப்படிகம்

மிக்க நன்றி. நீர்த்தலைத் திருத்தவில்லை, திருத்துகிறேன். எங்கள் குழுவில் இதே டைட்ரேஷனை சிஸ்பிளாட்டினுக்கும் (பிளாட்டினம் கொண்ட புற்றுநோய் மருந்து) செய்து ஒப்பிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

சாய்வும்_வெட்டும்

பிணைப்பு மாறிலியாக ஒப்பிட முடியாது. சிஸ்பிளாட்டின் குவானினின் ஏழாம் நைட்ரஜனோடு சகப்பிணைப்பு போடுகிறது. நீங்கள் அளக்கும் நேரத்துக்குள் திரும்பிவரும் சமநிலை அங்கே இல்லை. முதலில் குளோரைடு கழன்று நீர் ஏற வேண்டும், அதற்கே 37 டிகிரியில் அரை ஆயுள் சுமார் 2 மணி நேரம். 5 நிமிட இடைவெளியில் நீங்கள் அளப்பது அநேகமாக ஒன்றுமே இருக்காது. உங்கள் 50 மில்லிமோலார் குளோரைடு அதை இன்னும் தடுக்கும்.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், குளோரைடு இல்லாத 10 மில்லிமோலார் சோடியம் பெர்குளோரேட்டில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, எத்தனாலால் டி.என்.ஏ.வை வீழ்படிவாக்கிக் கழுவி, அதில் ஏறியிருக்கும் பிளாட்டினத்தை அணு உறிஞ்சல் கருவியில் அளவிடுங்கள். ஒரு நியூக்ளியோடைடுக்கு இத்தனை பிளாட்டினம் என்று வரும். சிஸ்பிளாட்டினை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைக்கவே கூடாது. அதன் கந்தகம் குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தில் உட்கார்ந்துவிடும், பிறகு உங்களிடம் இருப்பது வேறு சேர்மம்.