128 பிட் முழு எண்ணை வகுத்தால் லிங்கர் பிழை வருகிறது: உதவி தேவை

பாளைச்சோலை:
அனைவருக்கும் வணக்கம். சி மொழியில் எழுதிய நிரல் ஒன்றில் குறியில்லாத 128 பிட் முழு எண்ணைப் பயன்படுத்துகிறேன். கம்பைல் செய்யும்போது (இயந்திர மொழிக்கு மாற்றும்போது) ஓர் எச்சரிக்கைகூட வருவதில்லை. ஆனால் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில், இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கும் ‘யுடிவ்டிஐ3’ (__udivti3) என்ற பெயருக்கு வரையறை இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்தப் பெயரில் நான் எந்தச் சார்பையும் எழுதவுமில்லை, அழைக்கவுமில்லை. பெருக்கல் மட்டும் இருந்தவரை சிக்கல் இல்லை. வகுத்தல் வரியைச் சேர்த்த பிறகுதான் இப்படி. திங்கட்கிழமை ஆய்வகத்தில் காட்டியாக வேண்டும். தெரிந்தவர்கள் விரைவில் சொல்லுங்கள்.

வள்ளியூரான்:
எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, லிங்க் செய்யும் கட்டளை என்ன என்று எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. 32 பிட் இலக்குக்குக் கம்பைல் செய்கிறீர்கள் என்பது என் ஊகம். அங்கே இத்தகைய பெரிய எண்களுக்கு ஆதரவு கிடையாது.

குறுக்குத்துறை:
அண்ணாச்சி, 32 பிட் இலக்காக இருந்தால் ஜிசிசி கம்பைலர் அந்த எண் வகையையே ஏற்காமல் கம்பைல் கட்டத்திலேயே தடுத்திருக்கும். லிங்கர் வரை போயிருக்காது. ஆகவே இது 64 பிட் தான். எனக்குக் கோப்புகளின் வரிசை மீதுதான் ஐயம். லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும்போது, அதுவரை தேவைப்பட்டதை மட்டுமே நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஏறாத ஆளுக்காகத் திரும்பி வராத பாபநாசம் பேருந்தைப் போல, கடந்துபோன நூலகத்துக்கு அது திரும்புவதில்லை. நூலகம் முன்னால் இருந்தால் பின்னால் நகர்த்திப் பாருங்கள்.

நெல்லைமூத்தவர்:
தம்பி, கம்பைலர் கையேட்டைத் திறந்து பார்க்காமல் உதவி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெயரில் உள்ள ‘டிவ்’ வகுத்தலையும் ‘டிஐ’ 128 பிட் எண்ணையும் குறிக்கின்றன என்பது சற்று யோசித்தாலே விளங்கும். பெரிய எண்கள்தாம் வேண்டுமென்றால், அதற்கென்றே எழுதப்பட்ட ஜிஎம்பி நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

பாளைச்சோலை:
ஜிசிசி 13, உபுண்டு, 64 பிட். ஒன்று விசித்திரமாக இருக்கிறது: ஓ2 என்ற மேம்படுத்தல் நிலையைக் கொடுத்துக் கம்பைல் செய்தால் என் சிறு சோதனை நிரலில் பிழை மறைந்துவிடுகிறது, முழு நிரலில் மறையவில்லை.

அம்பைக்காரி:
அந்தச் சோதனை நிரலில் வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் நிரலுக்குள்ளேயே நேரடியாக எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஓ2 நிலையில் கம்பைலர் விடையைத் தானே கணக்கிட்டு வைத்துவிடும். வகுத்தலே மிஞ்சாததால் அந்தச் சார்பும் தேவைப்படாது. மதிப்பு இயங்கும்போது வருமானால் பிழையும் திரும்ப வரும்.

பெருக்கலுக்கு ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு 64 பிட் எண்களைப் பெருக்கி 128 பிட் விடையை இரண்டு ரெஜிஸ்டர்களில் தரும் கட்டளை எக்ஸ்86 செயலியிலேயே இருப்பதால், கம்பைலர் அதை அங்கேயே எழுதிவிடுகிறது. 128 பிட் எண்ணை 64 பிட் எண்ணால் வகுக்கவும் கட்டளை உண்டு. ஆனால் ஈவு 64 பிட்டுக்குள் அடங்காவிட்டால் செயலி பிழை எழுப்பும். எந்த எண் வரும் என்று முன்கூட்டியே தெரியாத கம்பைலர், அந்த ஆபத்தை ஏற்காமல் லிப்ஜிசிசி என்ற துணை நூலகத்தில் உள்ள சார்பை அழைக்கிறது. வழக்கமாக அந்த நூலகத்தை ஜிசிசி தானே சேர்த்துவிடும். உங்களிடம் ஏன் சேரவில்லை என்பதுதான் கேள்வி. லிங்க் செய்யும் வரியைத் தயவுசெய்து அப்படியே எழுதுங்கள்.

பாளைச்சோலை:
ஆம் அக்கா, சோதனை நிரலில் நேரடி எண்கள்தாம். முழு நிரல் என்பது செய்முறைத் திட்டத்துக்காக நாங்கள் எழுதும் சிறிய கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. கட்டளைகளை வைத்திருக்கும் மேக்ஃபைலில் எல்டி என்ற லிங்கர் நேரடியாக அழைக்கப்படுகிறது. கம்பைல் ஆகி வந்த ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தவிர அந்த வரியில் வேறெதுவும் இல்லை. செயலியின் டிக் (கடிகாரத் துடிப்பு) எண்ணிக்கையை நூறு கோடியால் பெருக்கி, அதிர்வெண்ணால் வகுத்து, நானோ வினாடியாக மாற்றும் இடத்தில்தான் வகுத்தல் வருகிறது.

நெல்லைமூத்தவர்:
கர்னல் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும்.

அம்பைக்காரி:
இப்போது தெளிவாகிவிட்டது. எல்டியை நேரடியாக அழைத்தால் லிப்ஜிசிசி தானாகச் சேராது. அச்சிடு என்ற பொருளில் ‘-பிரிண்ட்-லிப்ஜிசிசி-ஃபைல்-நேம்’ என்ற விருப்பத்துடன் ஜிசிசியை இயக்கினால் அந்தக் கோப்பின் முழுப் பாதை கிடைக்கும். அதை எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கும் பின்னால், வரியின் கடைசியில் வையுங்கள். ஜிஎம்பி இங்கே உதவாது. இயங்குதளம் தரும் சி நூலகத்தின் மேல்தான் அது நிற்கும்.

பொதிகைச்சாரல்:
கர்னலில் அப்படியே சேர்ப்பது ஆபத்தானது. 64 பிட் லினக்ஸ் பின்பற்றும் மரபில், சார்புகளின் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்கின் முனைக்குக் கீழே 128 பைட் ‘ரெட் சோன்’ உண்டு. வேறு சார்பை அழைக்காத சார்புகள், ஸ்டாக் முனையை நகர்த்தாமலே அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கர்னலில் அதே ஸ்டாக்கில் இன்டரப்ட் (செயலியின் வேலையில் வரும் குறுக்கீடு) வந்தால் அந்த இடம் அழியும். உங்கள் கோப்புகளை ரெட் சோன் இல்லாமல் கம்பைல் செய்தாலும், உபுண்டு தரும் லிப்ஜிசிசி அப்படிக் கம்பைல் செய்யப்பட்டதல்ல.

குறுக்குத்துறை:
ஒவ்வொரு இன்டரப்டுக்கும் ஐஎஸ்டி என்ற இன்டரப்ட் ஸ்டாக் அட்டவணை வழியாகத் தனி ஸ்டாக் கொடுத்திருந்தால் அந்தச் சிக்கல் எழாது. தேவையில்லாமல் மாணவரைப் பயமுறுத்த வேண்டாம்.

பொதிகைச்சாரல்:
அவர் ஐஎஸ்டி அமைத்திருக்கிறார் என்று எங்கே சொன்னார்? எப்போதாவது ஒருமுறை மட்டும் தவறான விடை தரும் பிழையைத் தேடுவதைவிட, இப்போதே எச்சரிப்பது நல்லது.

நெல்லைமூத்தவர்:
இரண்டுமே வேண்டாம். நீள்வகுத்தலைப் பிட் பிட்டாகத் தானே எழுதட்டும். மாணவர் கற்க வேண்டிய பாடம் அதுதான்.

அம்பைக்காரி:
இந்தக் கணக்குக்கு 128 பிட் வகுத்தலே தேவையில்லை என்பதை மூவரும் கவனிக்கவில்லை. 64 பிட்டோடு நிறுத்தினால் டிக்கை நூறு கோடியால் பெருக்கும்போது, 2.4 கிகாஹெர்ட்ஸ் செயலியில் ஏழரை வினாடிக்குச் சற்று மேலேயே எண் நிரம்பி வழிந்துவிடும். அவர் 128 பிட்டுக்குப் போனதன் காரணம் அதுதான், அது சரியான காரணமும்கூட. ஆனால் அதிர்வெண் மாறுவதில்லை. ஆகவே கர்னல் தொடங்கும்போதே ஒருமுறை, நூறு கோடியை 32 இடம் இடப்புறம் நகர்த்தி அதிர்வெண்ணால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது 64 பிட்டுக்குள் அடங்கும், சாதாரண வகுத்தலே போதும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 1789569706 கிடைக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் டிக்கை இந்த எண்ணால் 128 பிட்டில் பெருக்கி, 32 இடம் வலப்புறம் நகர்த்தினால் நானோ வினாடி வந்துவிடும். பெருக்கலும் நகர்த்தலும் செயலிக் கட்டளைகளாகவே வருவதால் எந்த நூலகமும் வேண்டாம், ரெட் சோன் பற்றிய கேள்வியும் இந்த இடத்தில் எழாது. பின்னம் வெட்டப்படுவதால் வரும் பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 32 மைக்ரோ வினாடி மட்டுமே. லினக்ஸ் கர்னலும் கடிகாரங்களுக்கு இதே பெருக்கி நகர்த்தும் முறையைத்தான் பயன்படுத்துகிறது.

பாளைச்சோலை:
லிப்ஜிசிசியைக் கடைசியில் வைத்ததும் லிங்க் ஆகிவிட்டது. பிறகு அக்கா சொன்ன முறைக்கு மாற்றி, நூலகத்தை நீக்கிவிட்டேன், பிழை வரவில்லை. அனைவருக்கும் நன்றி.

வள்ளியூரான்:
அதிர்வெண்ணை எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள் தம்பி. அதில் தவறு இருந்தால் நேரம் முழுவதும் அதே விகிதத்தில் பிசகும்.