மதுரை + கொடைக்கானல் நான்கு நாள்: திட்டம் எங்கேயோ இடிக்கிறது, உதவுங்கள்

சில்வண்டு

வணக்கம். காலாண்டு விடுமுறையில் மதுரையும் கொடைக்கானலும் சேர்த்துப் போகிறோம். நான், கணவர், ஏழு வயது மகன், 68 வயது மாமியார். மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மகனுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி, ஏற்காட்டில் ஒருமுறை நன்றாகவே பட்டுவிட்டோம்.

இப்போது போட்டு வைத்திருப்பது இதுதான். வெள்ளி இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடிகாலை கொடை ரோட்டில் இறங்கி டாக்சியில் மேலே. சனி, ஞாயிறு கொடைக்கானல். திங்கள் காலை உணவு முடித்து எட்டரைக்குக் கிளம்பி மதுரை, நேராக மீனாட்சி அம்மன் கோவில். மதியம் நாயக்கர் மகால். செவ்வாய் கீழடி, இரவு மதுரையிலிருந்து அதே ரயிலில் சென்னை. ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புதன் காலை எனக்கு ஆபீஸ்.

சிக்கல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக எடுக்கவேண்டிய இ-பாஸில் தொடங்கியது. விண்ணப்பத்தில் வண்டி எண் கேட்கிறது. பேசி வைத்த டாக்சிக்காரர் "எந்த வண்டி வரும்னு முந்தின நாள்தான் சொல்ல முடியும்" என்கிறார். அதற்கு மேல் கேட்டால் போனை எடுப்பதில்லை. வேறு வண்டி பார்ப்பதா, பஸ்ஸில் போவதா? திட்டத்தில் வேறு ஓட்டை இருந்தாலும் சொல்லுங்கள். என் கணவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

சக்கரம்

இ-பாஸுக்கு ரொம்பக் கவலைப்படாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். கட்டணம் கிடையாது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அது ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான கணக்கு. நீங்கள் போகும் மாதத்தில் விண்ணப்பித்த சில நிமிடத்தில் வந்துவிடும். முந்தின நாள் இரவு வண்டி எண் கிடைத்தால்கூடப் போதும். கடைசி நேரத்தில் வண்டி மாறினால் புது எண்ணுக்கு மறுபடி எடுக்கவேண்டும், அவ்வளவுதான். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் போனை எடுக்காத டாக்சிக்காரரை விட்டுவிடுங்கள். விடிகாலை கொடை ரோடு ஸ்டேஷனில் ஒரு குழந்தையையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவர் போனை எடுக்காமல் போனால் என்ன செய்வீர்கள்?

வைகைக்கரை

சகோதரி, உங்கள் ஓட்டை இ-பாஸ் இல்லை. திங்கள் எட்டரைக்குக் கொடைக்கானலில் கிளம்பினால் மதுரை எல்லைக்குள் வரும்போது பன்னிரண்டு. கோவில் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி, செல்போனைக் காப்பகத்தில் கொடுத்து (2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே போன் கொண்டுபோக முடியாது), செருப்பைக் கழற்றி வாசலுக்கு வந்தால் பன்னிரண்டரைக்கு நடை சாத்தியிருப்பார்கள். மறுபடி திறப்பது நாலு மணிக்கு. அந்த வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு உங்கள் மாமியாரை நிறுத்தவேண்டாம், சொல்லிவிட்டேன்.

பண்ணைக்காடு

மேலே உள்ளவர்கள் சொன்னது சரி. ஆனால் பெரிய தவறு கிழமையில் இருக்கிறது. நான் இந்த மலையில் இருப்பவன். சனிக்கிழமை காலை மேலே ஏறுவது என்றால் பாதித் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஏறுகிறீர்கள் என்று பொருள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் தொடங்கும் நெரிசல் ஏரி வரைக்கும் விடாது. வண்டி நின்று நின்று போனால் உங்கள் பையனுக்கு இன்னும் மோசம்.

திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். கொடை ரோட்டில் இறங்காமல் அதே ரயிலில் மதுரை போய்விடுங்கள். சனி முழுக்கவும் ஞாயிறு காலையும் மதுரை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கிளம்புங்கள். கூட்டம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் எதிர்ப்பக்கம் ஏறுவீர்கள். ஊத்து, பெருமாள்மலை போன்ற குறுகலான இடங்களில் கொஞ்சம் நிற்கவேண்டி வரும். இருந்தாலும் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். இருட்டிய பிறகு மேகம் இறங்கினால் ரோட்டின் வெள்ளைக்கோடுகூடத் தெரியாது, அதனால் ஒரு மணி என்றால் ஒரு மணி.

திங்கள் முழுநாள் மலையில். செவ்வாய் மதியம் வரை மலையில். அப்புறம் நிதானமாக இறங்கிக் கொடை ரோட்டிலேயே இரவு ரயில் ஏறுங்கள். மதுரைக்குத் திரும்பிப் போகவேண்டிய வேலையே இல்லை.

இன்னொன்று. பேரிஜம் ஏரி பார்க்கும் ஆசை இருந்தால் திங்களை விடாதீர்கள். வனத்துறை அனுமதி வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிதான் விடுவார்கள், செவ்வாய்க்கிழமை யாரையும் விடுவதில்லை. யானை நடமாட்டம் இருந்தால் எந்த நாளும் மூடிவிடுவார்கள், அதற்கு யாரும் பொறுப்பல்ல.

சில்வண்டு

பண்ணைக்காடு அண்ணா, படித்ததும் சிரித்துவிட்டேன். நான் மலையா ஊரா எது முதலில் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன், கிழமையை யோசிக்கவே இல்லை. ஆனால் டிக்கெட்? போகும்போது கொடை ரோடு வரைக்கும்தான் எடுத்திருக்கிறோம், திரும்பும்போது மதுரையிலிருந்து. இப்போது ரத்து செய்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும்.

சக்கரம்

ரத்து செய்யவேண்டாம். திரும்பும் டிக்கெட்டில் போர்டிங் ஸ்டேஷனை மட்டும் கொடை ரோடு என்று இணையத்திலேயே மாற்றலாம். சார்ட் (பயணிகள் பட்டியல்) போடுவதற்கு முன் செய்யவேண்டும், ஒருநாள் முன்பே முடித்துவிடுங்கள். மதுரையிலிருந்து கட்டிய பணத்தில் மீதி வராது. மாற்றிய பிறகு மதுரையில் ஏறவும் கூடாது, இடம் உங்களுடையதல்ல என்றாகிவிடும்.

போகும் டிக்கெட்டுக்கு, கொடை ரோடு வருவதற்கு முன்பே டிடிஇயிடம் (டிக்கெட் பரிசோதகர்) பயணத்தை மதுரை வரை நீட்டிக்கவேண்டும் என்று சொல்லி வித்தியாசத்தைக் கட்டிவிடுங்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆனால் தூங்கிவிட்டு மதுரையில் இறங்கிய பிறகு சொன்னால் அது டிக்கெட் இல்லாப் பயணம். இரவே சொல்லி வையுங்கள்.

மஞ்சப்பை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கொடைக்கானலிலிருந்து பழனி வழியாக இறங்கலாமே? 64 கிலோமீட்டர்தான். பழனியில் விஞ்ச், ரோப்கார் இரண்டும் இருப்பதால் பெரியவர்கள் படி ஏறவேண்டாம். அம்மாவுக்கு முருகனையும் காட்டிய மாதிரி ஆகும்.

பண்ணைக்காடு

பழனிச் சாலை அழகான சாலை, மறுக்கவில்லை. ஆனால் வளைவு அதிகம், வாந்தி எடுக்கும் பையனை வைத்துக்கொண்டு வேண்டாம். பழனியில் விஞ்ச் வரிசையில் இரண்டு மணி நேரம் போனால் அப்புறம் ரயில் நினைப்பிலேயே சாமி கும்பிடவேண்டும். மாமியாருக்கு முருகன்தான் வேண்டும் என்றால் பூம்பாறை போங்கள். கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், குழந்தை வேலப்பர் கோவில். போகர் சித்தர் செய்த நவபாஷாணச் சிலை என்று சொல்வார்கள். படிக்கட்டு வயல்களில் மலைப்பூண்டு போட்டிருப்பார்கள், புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. ஒரு கிலோ வாங்கி வாருங்கள், வீடே மணக்கும்.

வைகைக்கரை

சரி, மதுரைப் பங்கை நான் சொல்கிறேன். சனி, ஞாயிறு கோவிலிலும் கூட்டம்தான், பண்ணைக்காடு அதை நைசாக விட்டுவிட்டார். ஆனால் நீங்கள் சனி விடிகாலையே ஊரில் இருக்கிறீர்கள். அறையில் பையைப் போட்டுக் குளித்துவிட்டு ஏழு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். கட்டணத் தரிசனச் சீட்டு எடுத்தால் வரிசையில் நிற்பது குறையும். வெளியே வந்ததும் இட்லி. பிறகு மத்தியானம் முழுக்கத் தூங்குங்கள், மதுரையில் பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை சாமியே ஓய்வெடுக்கிறது.

மாலையில் திருமலை நாயக்கர் மகால், ஐந்து மணிக்குள் போய்விடவேண்டும். 1636-இல் கட்டியது, இப்போது நிற்பது அதில் கால்வாசிதான். தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிப் பையனைப் படம் எடுங்கள், கை எட்டாது. பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு மறுபடி கோவில். சுந்தரேசுவரர் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போவார். பகலில் ஆயிரங்கால் மண்டபம் (எண்ணினால் 985) பார்த்தவர்கள்கூட இதைப் பார்க்காமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் மகாலை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கீழடி ஞாயிறு காலை. திறந்ததும் போனால் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம். அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு பாணியில் கட்டியிருக்கிறார்கள், அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

மஞ்சப்பை

தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டீர்களே எல்லோரும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் கொடைக்கானலில் தடை. பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

பையனுக்கு: வத்தலக்குண்டில் பரோட்டா வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, இட்லி இரண்டு போதும். முன் சீட்டில் பெரியவர் மடியில் உட்காரவைக்கும் வேலை வேண்டாம். பின்னால் நடுவில் உட்காரவைத்து நேரே ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் போன் கொடுக்காதீர்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுங்கள். வாந்தி வந்தபிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

பண்ணைக்காடு

கடைசியாக ஒன்று. இந்த மாதத்தில் மேகம் மத்தியானம் ஏறிவிடும். தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் இரண்டும் காலை வேலை. ஏரியை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் 1863-இல் ஓடையைத் தடுத்துக் கட்டியது, எங்கேயும் போய்விடாது. டால்பின் நோஸ் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம், இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முட்டி சொல்லும். மதுரை வண்டியை மேலே நிறுத்தி வைக்காமல் அனுப்பிவிட்டு, உள்ளூர் டாக்சி பேசுங்கள். பேரிஜம் அனுமதிக்கு எங்கே, எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சில்வண்டு (மூன்று வாரம் கழித்து)

போய் வந்துவிட்டோம். நன்றி சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

டிடிஇ இரவே எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளியறைப் பூசை பார்த்தோம். மாமியார் அன்று முட்டி வலியைப் பற்றிப் பேசவே இல்லை, மறுநாள் இரண்டு நாள் வலிக்கும் சேர்த்துப் பேசினார். ஞாயிறு ஒரு மணிக்குக் கிளம்ப நினைத்து ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினோம் (ஜிகர்தண்டா, இரண்டாவது தடவை). எதிரே இறங்கும் வண்டிகளைப் பார்த்ததும் என் கணவர் "நல்லவேளை நான் திட்டத்தை மாற்றினேன்" என்றார். அதை விட்டுவிடுவோம்.

மகன் ஊத்து வரை தாக்குப்பிடித்தான். அங்கே ஒரே ஒருமுறை. ஏற்காட்டோடு ஒப்பிட்டால் வெற்றிதான்.

திங்கள் பேரிஜம் அனுமதி கிடைத்தது. ஏரி அப்படி ஒரு அமைதி, காட்டெருமை மூன்று பார்த்தோம். ஆனால் திரும்பி வரும் வழியில்தான் தூண் பாறைக்குப் போனோம், பதினொன்றரை ஆகிவிட்டது. சுத்தமாக வெள்ளை. டிக்கெட் வாங்கி மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். "தூண் எங்கேம்மா?" என்று பையன் ஊருக்கு வந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறான். செவ்வாய் காலை கோக்கர்ஸ் வாக்கில் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது, பெரியகுளம் வரைக்கும் தெரிந்தது. பூம்பாறைப் பூண்டு இரண்டு கிலோ.

கொடை ரோட்டில் ஏழரைக்கே வந்துவிட்டோம். ரயில் வரும் வரை அந்தச் சின்ன ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் கஷ்டம், அடுத்து போகிறவர்கள் வத்தலக்குண்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பண்ணைக்காடு

பேரிஜம் போகும்போதே தூண் பாறை வழியில்தானே வரும், முதலில் அங்கே நிறுத்தியிருக்கலாமே?

சில்வண்டு

நிறுத்தச் சொன்னேன் அண்ணா. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் என் கணவர்.